ஊசிமுனையோடு மல்லுக்கட்டு

தனி மூலக்கூறுகளை நகர்த்துவதுதான் என் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நகர்த்துவதற்கு ஆகும் நேரம் கால்வாசிகூட இருக்காது. மீதியெல்லாம் ஊசியோடு மல்லுக்கட்டுவதில் போகிறது. எஸ்டிஎம் (ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப், ஊசியால் வருடி அணுக்களைப் படம் பிடிக்கும் நுண்ணோக்கி) படங்களைப் பார்த்து வியப்பவர்களுக்கு இந்த ஊசி விவகாரம் தெரிவதில்லை. அதனால் இங்கே அதைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

முதலில் கருவி. ஐபிஎம்மின் ஜூரிச் ஆய்வுக்கூடத்தில் 1981-ல் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் உருவாக்கியது. 1986-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. கூரான உலோக ஊசி ஒன்றை உலோகப் பரப்புக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் நிறுத்தி, இரண்டுக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், நடுவில் வெற்றிடம் இருந்தும் எலெக்ட்ரான்கள் அதைக் கடந்து போகும். ஊசி ஓர் ஆங்ஸ்ட்ராம், அதாவது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, விலகினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாக விழும். மொத்தக் கருவியும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கிறது. மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும்படி ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே பரப்பை வருடினால், அது ஏறி இறங்கிய தடமே படமாகிவிடும். ஏற்றி இறக்குவது பீசோ பீங்கான். வோல்ட் கொடுத்தால் துளியூண்டு நீளும், குறையும்.

படம் எடுக்கும்போது ஊசி பரப்பைத் தொந்தரவு செய்யாது என்பது பொதுவான நினைப்பு. நன்றாகவே செய்யும். தொந்தரவு செய்யாத அளவுக்குத் தள்ளி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். அந்தத் தொந்தரவை வேண்டுமென்றே, ஒரே ஒரு மூலக்கூறின் மேல் காட்டினால் அதற்குப் பெயர் நகர்த்துதல்.

நான் பெரும்பாலும் செம்பின் (111) முகத்தில், அதாவது செம்புப் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் கிடைக்கும் பரப்பில், கார்பன் மோனாக்சைடை வைத்து வேலை செய்கிறேன். இத்துறையில் எல்லாரும் பழகுவது இதில்தான். ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன். கார்பன் கீழே ஒரு செம்பு அணுவின் நேர் உச்சியில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் மேலே நிற்கும். எங்கே உட்காரும் என்பதில் குழப்பமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சாதாரண உலோக ஊசியில் பார்த்தால் அது மேடாகத் தெரியாது, குழியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது "மூலக்கூறு எங்கே, ஓட்டைதானே இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார்கள். எஸ்டிஎம் காட்டுவது உயரத்தை மட்டும் அல்ல. அந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாகக் கடக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

இதற்கு முன்னால் படிகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆர்கான் அயனிகளால் அடித்து மேல் அடுக்குகளைப் பெயர்த்து, பிறகு சூடேற்றி அணுக்களை மறுபடி ஒழுங்காக உட்கார விட வேண்டும். அடி, சூடேற்று, அடி, சூடேற்று. அலுப்பான வேலை, தவிர்க்கவும் முடியாது. வெற்றிடமும் சும்மா கிடைப்பதில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் (சாதாரணக் காற்றின் அழுத்தம் 760 டார்) அழுத்தத்தில் ஒரு பரப்பை வைத்தால், மிச்சமிருக்கும் வாயு ஏறத்தாழ ஒரே நொடியில் அதை முழுக்க மூடிவிடும். அதனால் அழுத்தத்தை இன்னும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால்தான் சில மணி நேரமாவது பரப்பு சுத்தமாக இருக்கும். அப்புறம் திரவ ஹீலியம் வைத்து 4 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்விப்பது. அந்தக் குளிரில் கார்பன் மோனாக்சைடு வைத்த இடத்தில் இருக்கும். மிச்ச வாயுக்களெல்லாம் சுற்றியுள்ள குளிர்ந்த சுவர்களில் ஒட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

சரி, நகர்த்தல்.

படம் எடுக்கும்போது 100 மில்லிவோல்ட், 100 பிகோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஊசிக்கும் பரப்புக்கும் இடையேயான மின்தடை 1 கிகா ஓம். இப்போது ஊசியை மூலக்கூறின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, மின்னழுத்தத்தை 10 மில்லிவோல்ட்டாகக் குறைத்து, மின்னோட்டத்தை 40 நானோ ஆம்பியராகக் கேட்கிறேன். மின்தடை 250 கிலோ ஓம், அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. கேட்ட மின்னோட்டத்தைத் தர வேண்டுமென்றால் ஊசி கிட்டத்தட்ட 3.6 ஆங்ஸ்ட்ராம் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கும். அந்த நெருக்கத்தில் ஊசியின் கடைசி அணுவுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உண்மையான வேதியியல் விசை இருக்கிறது. மூலக்கூறு பரப்பை விட்டு எழும்பாது. ஆனால் பக்கத்து செம்பு அணுவுக்குத் தாவுவதற்கான தடை தாழ்ந்துவிடும். பிறகு ஊசியை நகர்த்த வேண்டிய திசையில் மெதுவாக ஓட்டி, சேர வேண்டிய இடம் வந்ததும் மின்னோட்டத்தைப் பழையபடி குறைத்து ஊசியை ஏற்றிவிட வேண்டும்.

மூலக்கூறு கூட வந்ததா என்பதை மறுபடி படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. ஓட்டும்போதே ஊசியின் உயரம் திரையில் ஒரு கோடாக ஓடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயம் அந்தக் கோடுதான். பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் லுட்விக் பார்டெல்ஸ், ஜெர்ஹார்ட் மேயர், கார்ல்-ஹைன்ஸ் ரீடர் மூவரும் 1997-ல் இந்தக் கோடுகளை வகைப்படுத்தினார்கள். மாட்டைக் கயிறு பிடித்து முன்னால் நின்று இழுப்பதற்கும் பின்னால் நின்று ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் கோட்டில் அப்படியே தெரியும். இழுப்பதாக இருந்தால், ஊசி அணுவை (அல்லது மூலக்கூறை) தாண்டி முன்னால் போகும்போது அதன் சரிவில் மெல்ல இறங்குகிறது. அணு திடீரென்று தாவி ஊசிக்கு அடியில் வந்ததும் ஊசி சட்டென்று மேலே குதிக்கிறது. மெல்ல இறக்கம், திடீர் ஏற்றம். தள்ளுவதாக இருந்தால் நேர்மாறு. ஊசி அணுவின் முதுகில் மெல்ல ஏறுகிறது, அணு முன்னால் தாவி ஓடியதும் ஊசி சட்டென்று விழுகிறது. மூன்றாவது வகை வழுக்கல்: அணு ஊசியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வர, பரப்பின் மேடுபள்ளத்தையே கோடு வரைந்து காட்டும். அவர்கள் செய்த பரிசோதனையில் ஈய அணு இழுப்புக்கு வந்தது. கார்பன் மோனாக்சைடு தள்ளினால்தான் போனது.

ரம்பப் பல் போல வரும் அந்தக் கோட்டில் பல்லுக்குப் பல் இடைவெளியை அளந்தால், செம்பின் நெருக்கமான வரிசையில் 2.55 ஆங்ஸ்ட்ராம் வரும். அடுத்தடுத்த இரண்டு செம்பு அணுக்களுக்கு இடையேயான தூரம் அது. ஒரு மூலக்கூறு ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ண முடிகிறது. இதற்கு எனக்கு இன்னும் பழக்கமே ஆகவில்லை.

கோட்டைப் பார்க்காமல் காதால் கேட்பவர்களும் உண்டு. மின்னோட்டத்தை ஒலிபெருக்கியில் விட்டால் ஒவ்வொரு தாவலும் ஒரு தட்டலாகக் கேட்கும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் ஜோசப் ஸ்ட்ரோசியோவும் ராபர்ட் செலோட்டாவும் 2004-ல் செம்பின் மேல் கோபால்ட் அணுவை நகர்த்தியபோது, அது செம்பு அணுக்களுக்கு நடுவிலுள்ள இரண்டு வகைக் குழிகளுக்கு இடையே முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருப்பது மின்னோட்டத்தின் சலசலப்பாகவே பதிவானது. எங்கள் அறையிலும் ஒலிபெருக்கி உண்டு. வெளியாட்கள் வந்தால் எரிச்சலாகிவிடுவார்கள். எங்களுக்கு அதன் தொனி மாறினாலே ஊசியில் என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்துவிடும்.

இனி ஊசி. டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அரித்துக் கூராக்குகிறோம். சிலர் பிளாட்டினம்-இரிடியம் கம்பியைக் கத்தரித்தே பயன்படுத்துவார்கள். எப்படிச் செய்தாலும், கண்ணுக்குத் தெரிகிற கூர்மைக்கும் நமக்கு வேண்டிய கூர்மைக்கும் சம்பந்தமில்லை. மின்னோட்டத்தில் பெரும்பகுதி முனையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஓர் அணு வழியாகத்தான் போகிறது. அந்த அணு எது, அதன் பின்னால் மற்றவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சாதாரணமாகப் பார்க்க வழியே இல்லை. படத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இரண்டு அணுக்கள் ஒரே உயரத்தில் துருத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகத் தெரியும். முனை சாய்ந்திருந்தால் வட்டக் குழி பிறைபோல வரும். படம் மட்டும் எடுப்பதென்றால் இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். நகர்த்தும்போது முடியாது. சாய்ந்த முனை மூலக்கூறைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டுத் தான் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரட்டை முனை நாம் பார்த்திராத இன்னொரு மூலக்கூறையும் சேர்த்துத் தள்ளும்.

சரிசெய்யும் முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மூலக்கூறு எதுவும் இல்லாத ஓர் இடத்தில் ஊசியைச் செம்புக்குள்ளேயே மெல்லக் குத்தி எடுக்க வேண்டும். முனையில் செம்பு அணுக்கள் ஒட்டிக்கொண்டு புது வடிவம் வரும். பிடிக்கவில்லையா, இன்னொரு குத்து. அதற்கும் மசியாவிட்டால் சில வோல்ட் துடிப்பு ஒன்று. அத்தனை விலையுயர்ந்த கருவி, பரப்பை முட்டி முட்டித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எத்தனை குத்தில் சரியாகும் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. நல்ல முனை அமைந்துவிட்டால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக விரும்பமாட்டார்கள். பக்கத்து அறையில் யாராவது பம்பை இயக்கினால் கதவைத் திறந்து ஒரு முறை முறைப்போம்.

இன்னொரு தொல்லை, மூலக்கூறே ஊசிக்குத் தாவிவிடுவது. நகர்த்தப் போன கார்பன் மோனாக்சைடு காணாமல் போயிருக்கும். அடுத்த படத்தில் மற்ற எல்லா மூலக்கூறுகளும் நடுவில் மேடு வைத்துக்கொண்டு நிற்கும். அப்படி மாறிவிட்டால் முனையில் இப்போது ஒரு கார்பன் மோனாக்சைடு தொங்குகிறது என்று அர்த்தம். தொல்லை என்று சொன்னேனே தவிர, இதே பெர்லின் குழு 1997-லேயே அதை வேண்டும்போது எடுக்கவும் திருப்பி வைக்கவும் வழி கண்டுபிடித்துவிட்டது. 2009-ல் ஐபிஎம் ஜூரிச்சில் லியோ கிராஸ் குழுவினர் அணுவிசை நுண்ணோக்கியின் (மின்னோட்டத்துக்குப் பதில் விசையை அளப்பது) முனையில் இப்படியொரு மூலக்கூறை மாட்டித்தான் பென்டசீன் மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் தெளிவாகப் படம் பிடித்தார்கள். முனையின் கடைசி அணு எது என்று நிச்சயமாகச் சொல்ல முடிகிற அரிய சந்தர்ப்பம் அது: ஆக்சிஜன்.

பெரிய மூலக்கூறுகளுக்கு வந்தால் கதை வேறு. அணுவுக்கு வடிவம் கிடையாது. மூலக்கூறுக்குக் கால் உண்டு, முதுகு உண்டு, வளையும், திரும்பும், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளும். 1996-ல் ஐபிஎம் ஜூரிச்சில் யுங், ஷ்லிட்லர், கிம்செவ்ஸ்கி ஆகியோரும் பிரான்சின் ஜோவாகிமும் சேர்ந்து நான்கு பருத்த கால்கள் கொண்ட போர்ஃபைரின் மூலக்கூறைச் செம்பின் மேல், அதுவும் அறை வெப்பநிலையில், நகர்த்திக் காட்டினார்கள். அறை வெப்பநிலையில் சின்ன மூலக்கூறுகள் ஓடிவிடும். இது கால்களால் பரப்பைப் பற்றிக்கொண்டு தானாக நகராமல் நின்றது; ஊசியால் தள்ளினால் கால்கள் வளைந்து கொடுத்துப் போனது. ஒரே குணம் பிடிக்கவும் உதவியது, விடவும் உதவியது. இந்தத் துறையில் அழகான பரிசோதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் பிடிசிடிஏ என்ற தட்டையான சாய மூலக்கூறை வெள்ளிப் பரப்பிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். அதன் மூலைகளில் ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. ஊசி அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போக, மூலக்கூறு ஒரு பக்கத்திலிருந்து பரப்பை விட்டுக் கிளம்புகிறது. எந்தப் பாதையில் தூக்கினால் பிடி நழுவாது என்று முன்கூட்டிக் கணக்கிட முடிவதில்லை. எனவே 2014-ல் அவர்கள் வெளியிட்ட முறையில் கணக்கையே கைவிட்டார்கள். ஆராய்ச்சியாளரின் கை அசைவைக் கேமராக்கள் பின்தொடர, ஊசி அதே பாதையில் கோடிக்கணக்கில் சுருங்கிய அளவில் போனது. 2018-ல் இதே மூலக்கூறை இரண்டு வெள்ளி அணுக்களின் மேல் செங்குத்தாக நிற்க வைத்தார்கள்; விழாமல் நின்றது. 2020-ல் அந்தக் கையையும் எடுத்துவிட்டு, செய்து பார்த்துப் பார்த்துக் கற்கும் நிரலிடம் கொடுத்தார்கள். பாதி வழியில் பிடி நழுவினால் நிரலுக்குத் தண்டனை மதிப்பெண். கிட்டத்தட்ட எங்களுக்கு நடப்பதுதான்.

தொடாமலும் அனுப்பலாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் லியோன்ஹார்ட் கிரில் குழு 2020-ல், வெள்ளியின் மேல் ஒரு மூலக்கூறைச் சரியான திசையில் திருப்பி வைத்து, மின்புலத்தால் உந்தி, 150 நானோமீட்டர் தூரம் ஒரே நேர்க்கோட்டில் ஓட விட்டது. தூரத்தில் இன்னொரு ஊசி அதை வாங்கிக்கொண்டது. 2017-ல் பிரான்சின் துலூஸில் நடந்த மூலக்கூறு கார் பந்தயத்தில்கூட ஊசியால் இடித்துத் தள்ளக் கூடாது என்பதுதான் விதி.

நகர்த்துவது மட்டுமல்ல, சேர்த்துக் கட்டவும் முடியும். ஸா வாய் ஹ்லாவும் பெர்லின் குழுவும் 2000-ல் செம்பின் மேல் 20 கெல்வினில் இரண்டு அயோடோபென்சீன் மூலக்கூறுகளை எடுத்து, எலெக்ட்ரான்களைச் செலுத்தி அயோடினைக் கழற்றி, மிச்சமிருந்த இரண்டு வளையங்களை ஊசியால் அருகருகே கொண்டுவந்து, மறுபடி எலெக்ட்ரான்களைச் செலுத்திப் பைஃபீனைலாக இணைத்தார்கள். ஒட்டியதா என்பதை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். மற்ற முனையும் கூட வந்தது.

டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைட்சரும் 1989-ல் நிக்கல் மேல் 35 செனான் அணுக்களால் எழுதிய ஐபிஎம் என்ற நிறுவனப் பெயரைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். வரலாற்றில் அதற்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தால் ஒரு தவறான ஆசையும் பரவியது: இப்படியே ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள்களைச் செய்துவிடலாம் என்று. ஒரு மைக்ரோகிராம் கார்பன் மோனாக்சைடை எடுத்து நொடிக்கு ஒரு மூலக்கூறு வீதம் நகர்த்தினால் சுமார் 68 கோடி ஆண்டுகள் ஆகும். இது தொழிற்சாலை அல்ல, அளவுகோல். 2008-ல் ஒரு கோபால்ட் அணுவைப் பக்கவாட்டில் நகர்த்தத் தேவையான விசையை அளந்தார்கள். செம்பின் மேல் 17 பிகோ நியூட்டன், பிளாட்டினத்தின் மேல் 210. அதே அணு, அடியில் உள்ள உலோகம் மாறியதும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். எனக்கு எந்தச் சின்னத்தையும்விட இந்த இரண்டு எண்களே அதிகம் சொல்கின்றன.

2002-ல் ஆண்ட்ரியாஸ் ஹைன்ரிக், லுட்ஸ், குப்தா, ஐக்லர் செய்ததும் அந்த ரகம். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை நெருக்கடியான இடைவெளியில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றை நகர்த்தினால் அது அடுத்ததை நெருக்கும், அது நெருக்கம் தாங்காமல் பக்கத்து இடத்துக்குத் தாவி அதற்கடுத்ததை நெருக்கும். இந்தத் தொடர் தாவலை வைத்து, கணினிக்குள் இருப்பது போன்ற தர்க்கச் சுற்றுகளே கட்டினார்கள். ஒருமுறை ஓடியதும் ஒவ்வொன்றையும் கையால் திருப்பி வைக்க வேண்டும், அதனால் கணினியாக அதற்கு மதிப்பில்லை. ஆனால் 6 கெல்வினுக்குக் கீழே தாவும் வேகம் வெப்பநிலையைச் சார்ந்திருக்கவில்லை. அதாவது, சூட்டின் உதவியால் தடையைத் தாண்டாமல், முழு மூலக்கூறும் தடையை ஊடுருவிப் போகிறது.

எழுதியது எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு: ஹீலியம் இருக்கும் வரை. 40 கெல்வினை நெருங்கும்போதே கார்பன் மோனாக்சைடு செம்பின் மேல் தானாக நடமாடத் தொடங்கும், அறை வெப்பநிலைக்கு வரும் முன்பே பரப்பை விட்டுப் பறந்துவிடும். கொஞ்சம் சூட்டிலும் நிலைக்க வேண்டுமென்றால் வேறு பொருள் வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் சாண்டர் ஒட்டே குழு 2016-ல் செம்பின் மேல் குளோரின் அடுக்கு ஒன்றை விரித்து, அதிலுள்ள காலியிடங்களை நகர்த்தி ஒரு கிலோபைட் எழுதியது. சுற்றிலும் குளோரின் நெருக்கிப் பிடித்திருப்பதால் 77 கெல்வினில், வெறும் திரவ நைட்ரஜனிலேயே, அது அப்படியே இருந்தது. அங்கே நகர்த்தப்படுவது மூலக்கூறு அல்ல, ஓட்டை. படத்தில் குழியைப் பார்த்து "ஓட்டைதானே" என்று கேட்கிற ஆள் அந்த ஆய்வகத்துக்குப் போனால் சரியாகச் சொன்னவர் ஆகிவிடுவார்.